ஸ்கேனர் அப்புறம், பட்டியல் முதலில்

வான்கூவரில் ஆவணவியல் முதுகலை படிக்கும் சிங்கப்பூர் மாணவி ஒருவர் படிப்பின் ஒரு பகுதியான தன் கோ-ஆப் பணிக்காலத்துக்கு ஊருக்கே வருகிறார். மே முதல் ஆகஸ்ட் வரை நான்கு மாதம். இடம், சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு பழைய தமிழ்ச் சங்கம். மாடியறையில் முப்பது பெட்டிக்கு மேல் காகிதம் கிடக்கிறது. ஆண்டு விழாவுக்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்பது செயலவையின் ஆசை. ஆவணவியல் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, நான்கு மாதத்தில் எவ்வளவு முடியும், இதை உருப்படியான பணிக்காலமாகப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் சங்கங்கள், கோயில்கள், குடும்பங்கள் வைத்திருக்கும் தமிழ்க் காகிதங்களோடு பல காலம் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை அவருக்கே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். படிப்பும் சம்பள வேலையும் மாறிமாறி வருகிற கோ-ஆப் முறை, 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. கனடாவில் 1957இல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதைக் கையில் எடுத்தது. ஆவணவியலுக்கென்றே தனி முதுகலைப் படிப்பை வட அமெரிக்காவில் முதலில் தொடங்கியது, வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்தான், 1981இல். இத்தனை கால அனுபவம் உள்ளவர்கள் இடத்தின் பெயரைப் பார்த்து முடிவுசெய்ய மாட்டார்கள். வேலை உங்கள் படிப்போடு ஒட்டியதா, சம்பளம் ஒழுங்காக உண்டா, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். முதல் இரண்டையும் செயலவையிடம் கடிதமாக வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. மூன்றாவதுக்கு, தொழில் தெரிந்த ஒருவரிடம் வாரம் ஒருமுறை பேசிக்கொள்வதாக முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அதையும் பல்கலைக்கழகத்தின் கோ-ஆப் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பேராசிரியரோ ஓய்வுபெற்ற ஆவணக்காப்பாளரோ யாராக இருந்தாலும் சரி. தனியாக மாட்டிக்கொண்டால் நான்கு மாதத்தில் ஒரு மாதம் குழப்பத்திலேயே போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். ஸ்கேன் வேலையிலிருந்து தொடங்காதீர்கள். அடுத்த ஆண்டு ஒரு தொண்டூழியர் வந்து ஸ்கேன் செய்யலாம், காசு கொடுத்தால் கடைக்காரரே செய்து தருவார். இந்தக் காகிதம் எந்தக் காகிதத்தோடு இருந்தது, யார் வைத்திருந்தார், எதற்காக வைத்தார் என்ற தொடர்பு அப்படியில்லை. ஒருமுறை கலைந்தால் யாராலும் மீட்க முடியாது. அது இன்னும் கலையாமல் இருக்கும்போது படித்த ஆள் ஒருவர் நான்கு மாதம் உட்காரக் கிடைத்திருக்கிறார். அந்த நேரத்தைத் தொடர்பைக் காப்பாற்றவும், மற்றவர்கள் புழங்கும்படி ஒரு பட்டியல் எழுதவும் செலவிடுங்கள்.

நான் பார்த்த ஒரு பெட்டியைச் சொல்கிறேன், சங்கத்தின் பெயர் வேண்டாம். மரண சகாய நிதிப் பதிவேடு ஒன்று. நீளவாக்கில் பெரிய ஏடு, துணி பைண்டிங், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. உறுப்பினர் எண், பெயர், சொந்த ஊர், வேலை செய்யும் இடம், முன்மொழிந்தவர், வாரிசு என்று கட்டங்கள். வேலை இடத்தில் ஹார்பர் போர்டு, நேவல் பேஸ் என்று மாறிமாறி வரும். ஏட்டின் பின்னட்டைக்குள் ஒரு கட்டு மணியார்டர் ரசீதுகள், சணல் நூலால் கட்டியவை. ஒவ்வொரு ரசீதின் முதுகிலும் பென்சிலில் ஓர் எண். பதிவேட்டின் உறுப்பினர் எண்தான் அது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் புரியும்: கப்பல்துறையில் வேலை பார்த்த ஒருவர் இறந்ததும் சங்கம் பணம் திரட்டி, ஊரில் இருந்த அவர் மனைவிக்குத் தவணை தவணையாக அனுப்பியிருக்கிறது. முன்மொழிந்தவர் கட்டத்தைக் கீழே வரை படித்துக்கொண்டு போனால், ஒரு கிராமத்து ஆள் ஒருவர் வந்து, அவர் இன்னொருவரைச் சேர்த்து, அவர் இன்னும் இருவரைச் சேர்த்தது வரிசையாகத் தெரியும். குடியேற்றத்தைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசும் காகிதம் வேறெங்கும் கிடைக்காது. ஆர்வக்கோளாறில் யாரோ ரசீதுகளை எல்லாம் பிரித்து "ரசீது" என்று எழுதிய பெட்டியிலும், ஏடுகளை "பதிவேடு" என்று எழுதிய பெட்டியிலும் போட்டிருந்தால்? ரசீதின் முதுகில் இருக்கும் எண் வெறும் கிறுக்கலாகிவிடும். இரண்டையும் எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் அந்தக் கதை திரும்பி வராது.

ஒருவர் உருவாக்கிய ஆவணங்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்று 1841இல் பிரான்ஸ் அரசு சுற்றறிக்கை விட்டதையும், இருந்த வரிசையைக் குலைக்கக் கூடாது என்று 1898இல் டச்சுக்காரர் மூவர் விதியாக எழுதியதையும் வகுப்பில் படித்திருப்பீர்கள். மாடியறையில் முதல் வாரம் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: எதையும் நகர்த்தாதீர்கள். அறையை வாசலிலிருந்து தொடங்கிச் சுற்றிப் படமெடுங்கள். அலமாரித் தட்டு தட்டாக, பெட்டி பெட்டியாக, மூடியைத் திறந்ததும் மேலிருந்து தெரியும் நிலையில் எடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, பெட்டியில் ஒட்டாமல் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பிஸ்கட் டின், மஞ்சள் பை, சூட்கேஸ் எதுவானாலும் அதுவும் ஒரு பெட்டிதான். டின்னின் மேல் எழுதியிருக்கும் எழுத்தையும் படமெடுங்கள். அப்புறம் செயலாளரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: இந்தச் சாவி இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது? சங்கம் இடம் மாறியபோது எது எது வண்டியில் ஏறியது? எது யார் வீட்டுக்குப் போனது? பல சங்கங்களில் பாதி ஆவணம் முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில்தான் இருக்கும். அவருடைய சொந்தக் கடிதங்களும் அதில் கலந்திருக்கும். கலந்தே வந்தால் கலந்தபடியே குறித்து வையுங்கள். அவர் சங்கத்தையும் வீட்டையும் பிரிக்காமல் வாழ்ந்தார் என்பதும் தெரிய வேண்டிய செய்திதானே.

இரண்டாவது வாரத்திலிருந்து தேதிச் சிக்கல் வரும். வகுப்பில் இதைச் சொல்லித்தந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய கடிதத்தில் "பார்த்திப வருஷம் ஆடி மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்றில் பார்த்திப பத்தொன்பதாவது. 1885, 1945, 2005 ஆகிய மூன்றுமே பார்த்திபதான். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், தை மாதம் என்று இருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். எந்தச் சுற்று என்பதைத் தாள், தபால்தலை, பேச்சில் வரும் ஆட்கள் இவற்றை வைத்து முடிவுசெய்யலாம். பட்டியலில் மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, நீங்கள் கணித்ததைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

இன்னொரு வகைத் தேதியும் உண்டு. ரசீதில் 17-6-2603 என்று இருந்தால் அது எழுத்துப்பிழை இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் சியோனான் என்று பெயர் மாறியிருந்தபோது, ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்கும் அலுவலகக் காகிதங்களில் புழங்கியது. 660ஐக் கழித்தால் 1943 வரும். சிலர் அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டான ஷோவா ஆண்டு போட்டிருப்பார்கள், ஷோவா 17 என்றால் 1942. அந்த மூன்றரை ஆண்டுத் தமிழ்க் காகிதம் அரிது. பயத்தில் எரித்தவர்கள் உண்டு, காகிதத் தட்டுப்பாட்டில் முதுகுப்பக்கம் எழுதித் தீர்த்தவர்களும் உண்டு. 2602 முதல் 2605 வரை ஏதாவது கண்ணில் பட்டால், தாளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

கணக்கேடுகளைக் கண்டு மலைக்க வேண்டாம். செட்டியார் கடைகளில் வேலை பார்த்த கணக்கப்பிள்ளை யாராவது சங்கத்தின் கணக்கையும் எழுதியிருந்தால் தமிழ் எண்களும் சுருக்கக் குறிகளும் வரும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இவையெல்லாம் யூனிகோடில் இருப்பதால் பட்டியலிலும் அப்படியே தட்டச்சு செய்யலாம். மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் கணக்குக்கு வயதானவர் ஒருவரைப் பிடியுங்கள், ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களும் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

பெயர்கள் அப்படிச் சுலபத்தில் பழகாது. தமிழ் ஏட்டில் ரா. சுப்பையா என்று இருப்பவர், ஆங்கிலக் கடிதத்தில் தகப்பன் பெயரோடு வேறு எழுத்துக்கூட்டில் இருப்பார், பதிவகத்துக்குப் போன படிவத்தில் மூன்றாவது விதமாக இருப்பார், நண்பர்கள் எழுதிய கடிதத்தில் "கடைக்கார அண்ணன்" மட்டும்தான். இவர்கள் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஒரு தனிக் கோப்பில் குறித்துவையுங்கள். எந்த ஆதாரத்தை வைத்து அப்படி முடிவுசெய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிற்காலத்தில் தாத்தாவைத் தேடி வரும் பேரப்பிள்ளைக்கு உங்கள் வேலை முழுவதிலும் அதிகம் பயன்படப்போவது அந்தக் கோப்புதான்.

பட்டியல் எந்த அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும்? கனடாவில் அவர்களுடைய விவரிப்பு விதிகளைக் கற்றிருப்பீர்கள். இங்கே ஆவண விவரிப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐசாட்-ஜியைப் பின்பற்றுங்கள், பிற்காலத்தில் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பொருந்தும். அதில் கட்டாயம் வேண்டியவை ஆறே ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரிப்பு நிலை (விவரிப்பது முழுத் தொகுப்பையா, ஒரு வரிசையையா, ஒரு கோப்பையா என்பது). முதல் இரண்டு மாதத்தில் எல்லாப் பெட்டிக்கும் இந்த ஆறையும் எழுதிவிடுங்கள். செயலவைக் கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பதிவேடுகள், கணக்கு, கடிதப் போக்குவரத்து, நாடகமும் விழாவும், படங்கள் என்று ஏழெட்டு வரிசை, அதாவது ஒரே வகை ஆவணங்களின் தொகுதி, தானாகவே தெரிய வரும். வரிசை என்பது பட்டியலில்தான், பெட்டிக்குள் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. மீதி நேரத்தில் கூட்டக் குறிப்பையும் பதிவேட்டையும் மட்டும் கோப்பு கோப்பாக விரித்து எழுதுங்கள். தனித்தனித் தாளாக எழுதப் போனால் மூன்றாவது பெட்டியிலேயே ஆகஸ்ட் வந்துவிடும். தலைப்பு மூலத்தில் இருக்கிற தமிழிலேயே இருக்கட்டும், கீழே இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்தால் வெளிநாட்டு ஆய்வாளருக்கும் அகப்படும்.

நுணுக்கம் குறைவு என்று தயங்க வேண்டாம். 2005இல் அமெரிக்க ஆவணவியலர்கள் மார்க் கிரீனும் டென்னிஸ் மைஸ்னரும் இதைத்தான் வாதிட்டார்கள்: ஒவ்வொரு தாளையும் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தால் பெட்டிகள் பல ஆண்டு திறக்கப்படாமலே கிடக்கும், முதலில் எல்லாவற்றையும் மக்கள் பார்க்கும்படி செய்யுங்கள் என்று. எனக்கு அதில் முழுச் சம்மதம், ஒரே ஒரு இடம் தவிர. கிளிப்பையும் ஸ்டேப்பிளையும் கழற்ற நேரம் செலவிட வேண்டாம் என்பது, குளிரும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும் சேமிப்பறைக்குச் சரி. ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், மாடியறைக் கிளிப் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். துரு தாளைத் தின்னும். துருப்பிடித்ததை மட்டும் கழற்றுங்கள். இழுக்காமல், அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி நிமிர்த்தி எடுங்கள். எந்தத் தாள்கள் ஒன்றாக இருந்தனவோ, அவற்றை அமிலமில்லாத ஒரு தாளை மடித்து அதற்குள் சேர்த்து வையுங்கள்.

அறையைப் பற்றியும் செயலவையிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். பெட்டி தரையில் இருக்கக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஏர்கான் போட்டு, முடிந்ததும் அணைக்கும் பழக்கம் காகிதத்துக்கு மிகவும் கெடுதல். ஏற்ற இறக்கத்தைவிட ஒரே சீரான நிலை மேல். ஈரமுறிஞ்சியும் காற்றோட்டமும் போதும். வேப்பிலையும் பூச்சி உருண்டையும் போட்டு வைத்திருப்பார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இலை ஈரத்தைக் கொண்டுவரும், உருண்டையின் வாடை உங்கள் நுரையீரலுக்கு ஆகாது. மரியாதையாகச் சொல்லி எடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கட்டு கண்ணில் பட்டால் உடனே தனியாக வைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். மற்றபடி காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது, துணிக் கையுறையில் தாளின் ஓரம் சிக்கிக் கிழியும். படங்களுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

படங்கள் என்றதும் ஒரு அவசரம் சொல்ல வேண்டும். ஒட்டும் பக்கமுள்ள பிளாஸ்டிக் ஆல்பங்களில் எழுபது எண்பதுகளின் படங்கள் இருக்கும். பசை படத்தைப் பாழாக்குகிறது என்பது உண்மைதான், அதற்காகப் பிடுங்காதீர்கள். முதலில் பக்கத்தோடு படமெடுத்துவிட்டு, வாசனையோ மெழுகோ இல்லாத டெண்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கும் பசைக்கும் நடுவே மெல்ல அறுப்பதுபோல் ஓட்டினால் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இதைவிட அவசரம், அந்தப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தோர். காகிதம் இன்னும் சில ஆண்டு பொறுக்கும், அவர்கள் விஷயத்தில் அந்த உறுதி இல்லை. முதல் மாதத்திலேயே வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கி, ஒருவரையோ இருவரையோ உட்காரவைத்துப் படத்தைக் காட்டி ஒலிப்பதிவு செய்யுங்கள். "இது யார் ஐயா?" என்று மட்டும் கேட்டால் பெயரோடு நின்றுவிடும். "அன்றைக்குச் சாப்பாடு யார் போட்டது, கொட்டகை யார் கட்டியது?" என்று கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் பதிவு செய்ய வேண்டாம். 1979இலிருந்து இயங்கும் வாய்மொழி வரலாற்று நிலையத்தின் தமிழ் நேர்காணல்களில் ஒன்றிரண்டை முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். எங்கே கேள்வி கேட்கிறார்கள், எங்கே பேசாமல் விடுகிறார்கள் என்பது பிடிபடும். தேதி தெரியாத விழாப் படத்துக்கு, தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடிப் பாருங்கள். 1935இல் தொடங்கிய பத்திரிகை, சங்கச் செய்திகளை நிறையவே போட்டிருக்கிறது.

பெட்டியின் அடியில் பிளாப்பி வட்டு கிடந்தால் தூக்கிப்போட விடாதீர்கள். தொண்ணூறுகளில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழுக்குத் தன் சொந்தக் குறியீட்டை வைத்திருந்தது. சிங்கப்பூரின் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு, இதைப் பேசத்தான் உலகத் தமிழர்களை ஒரே இடத்தில் கூட்டியது. அந்தக் காலத்து மலர்க் கட்டுரைகள், உறுப்பினர் பட்டியல்களை இன்றைய கணினியில் திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரியும். அது கெட்டுப்போன கோப்பு இல்லை. திஸ்கி, தாப், தாம் போன்ற பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இன்னும் கிடைக்கின்றன. முதலில் வட்டை அப்படியே நகலெடுத்து, எந்த எழுத்துரு என்பதைக் குறித்து, அதன் பிறகு மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். முப்பது ஆண்டு வாக்கில் ஆன இந்தத் தமிழ், நூறாண்டுக் காகிதத்தைவிடச் சீக்கிரம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் பெரிய கவலை.

சங்கடமான காகிதம் வரும், வராமல் இருக்காது. கூட்டக் குறிப்பில் பணத் தகராறு, ஒருவரை நீக்கிய தீர்மானம், அதற்கு அவர் எழுதிய சூடான பதில். "இதை மட்டும் எடுத்துடுங்கம்மா" என்று யாராவது வந்து சொல்வார்கள். எடுக்க மறுக்கலாம், சண்டை போட வேண்டாம். "எடுக்காம, இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டாம மூடி வைக்கலாம் ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். மூடிவைக்கும் காலத்தைச் செயலவையே தீர்மானமாகப் போடட்டும். அநேகமாக ஒத்துக்கொள்வார்கள், தங்கள் பெயர் காப்பாற்றப்படுகிறது என்ற நிம்மதிதான் அவர்களுக்கு வேண்டியது. பெயரோடு சாதிப் பட்டம் உள்ள ஏடுகளிலும் எதையும் மறைக்கவோ அடிக்கவோ கூடாது. ஆனால் இணையப் பட்டியலில் அதைத் தேடுசொல்லாக வைப்பதா என்பதைச் செயலவையோடு பேசாமல் நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். அடையாள அட்டை எண், நோய் விவரம், வீட்டு முகவரி உள்ள தாள்கள் இணையத்துக்குப் போகவே கூடாது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும். நூறு ஆண்டைத் தாண்டிய ஆவணத்துக்கும், இறந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆனவர் பற்றிய தகவலுக்கும் அது பொருந்தாது. நடுவில் இருப்பதுதான் உங்கள் பெட்டிகளில் அதிகம், அதற்கு எச்சரிக்கை தேவை. கடிதத்தின் பதிப்புரிமையும் அதைப் பெற்ற சங்கத்துடையது அல்ல, எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகு 70 ஆண்டு நீடிக்கும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போடுவது நடக்காது என்பதற்கு இவையே போதுமான காரணம். செயலவையிடம் இதை மறுப்பாகச் சொல்லாதீர்கள். ஆண்டு விழா என்பது அவர்களுக்கு உண்மையான தேவை, உறுப்பினர்கள் சந்தா கொடுக்கிறார்கள், எதையாவது கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் முதல் கூட்டக் குறிப்பேடு, சிக்கல் இல்லாத விழாப் படங்கள், நாடக நோட்டீஸ்கள் என்று ஒரு சிறு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள். 400 டிபிஐ, மூலப்படி டிஃப் வடிவில், காட்டுவதற்கு ஜேபெக். பட்டியல் எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள். மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். விழா மண்டபத்தில் அவற்றை வைத்து, பக்கத்தில் முழுப் பட்டியலையும் அச்சடித்து வையுங்கள். தங்கள் அப்பா பெயரைப் பட்டியலில் கண்டவர்கள் மறுவாரம் வீட்டிலிருந்து இன்னொரு பையோடு வருவார்கள். அதை வாங்கிக்கொள்ள ஒரு சிறிய படிவம் தயாராக இருக்கட்டும்: யார் தந்தார், நன்கொடையா, திருப்பித் தர வேண்டியதா.

இன்னொன்று. அறநிறுவனமாகப் பதிந்த சங்கங்கள் கணக்குகளை 5 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது சட்டம். பொருளாளர்கள் இதை நன்றாக அறிவார்கள், அதனாலேயே பழைய கணக்கேடுதான் முதலில் குப்பைக்குப் போகிறது. மேலே சொன்ன மரண சகாய நிதி ஏட்டுக்கும் அந்த ஆபத்து இருந்தது. எதை 5 ஆண்டுக்குப் பிறகு கழிக்கலாம், எதை என்றைக்கும் வைக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மின்சார பில் போகட்டும், பேரேடு இருக்கட்டும். இன்றைய வாட்ஸ்அப் குழுவில் எடுக்கும் முடிவுகளைக் கூட்டக் குறிப்பில் ஏற்றும்படியும் அதில் ஒரு வரி சேருங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் புதிதாக ஒரு பெட்டியையும் திறக்காதீர்கள். பட்டியலின் ஒரு படி சங்கத்துக்கு, ஒரு படி உங்களுக்கு, முடிந்தால் ஒரு படி வேறொரு நிறுவனத்துக்கு. எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து வருபவர் எந்தப் பெட்டியிலிருந்து தொடர வேண்டும், எந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று தமிழில் நாலு பக்கம் எழுதி, முதல் பெட்டியிலேயே வையுங்கள். பணிக்கால அறிக்கையையும் இந்த நாலு பக்கத்திலிருந்தே விரித்து எழுதலாம். மூலங்களின் எதிர்காலம் பற்றிச் செயலவை முடிவெடுக்க வேண்டும், நீங்கள் வழிகளைச் சொன்னால் போதும். தனியார் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகமும் ஏற்கிறது, அச்சான மலர்களுக்கும் நூல்களுக்கும் தேசிய நூலகம் பொருத்தம், பொருள்களாக இருந்தால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைக் கேட்கலாம். மூன்று இடத்துக்குப் பிரித்துக் கொடுக்க நேர்ந்தால், எது எங்கே போனது என்பது உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். கொடுக்க மனமில்லை, சங்கத்திலேயே இருக்கட்டும் என்றாலும் தவறில்லை. அப்படியானால் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பார்ப்பது யார் பொறுப்பு என்று நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் ஒன்றும் முதல் பெட்டிக்குள் போகட்டும்.